வீட்டுக்குத் தூரமில்லை

போன மாதம் நுவரெலியாவில் நாம் பழைய வகுப்புக்காரிகள் ஏழு பேர் கூடினோமே, ஞாபகம் இருக்கிறதா? மண்டபத்தில் மற்ற எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டிருக்க, நாம் மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டால் விசிறிக்கொண்டிருந்தோம். பரிமாற வந்தவர் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் நின்றார். உங்களில் ஒருத்தி, "பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்குடி" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. நமக்கு அது ஒரு 'மாதிரி'. அத்தைக்கு உண்மையாகவே மனநோய் இருந்தது. அதன்மேல் இந்த வயதும் வந்து ஏறியது. அந்த ஒரு குளிர்காலத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. அதில் நான் செய்த பெரிய காரியம் ஒன்றும் இருக்கிறது. பெருமைப்படுகிற காரியமில்லை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. திம்புள்ளப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் எங்களோடேதான் இருந்தாள். வலப்பனைப் பக்கம் கட்டிக்கொடுத்து, இருபத்து நாலு வயதில் காதில் குரல் கேட்க ஆரம்பித்து, புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நாலு மாதம் வைத்திருந்தார்களாம். அந்த நாலு மாதத்தைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை பேசமாட்டாள். அதற்குப் பிறகு தினமும் மாத்திரை, மாதம் ஒரு தடவை டவுன் கிளினிக். மாத்திரை போட்டால் அவள் எல்லோரையும் போலத்தான். கொழுந்து பறிப்பதில் எல்லோருக்கும் மேல். அவளுக்குப் பக்கத்து நிரையில் நிற்க யாரும் விரும்ப மாட்டார்கள். தங்கள் மந்தம் கங்காணி கண்ணில் பட்டுவிடும் என்று பயம்.

தன் நோயை அத்தை ஒளிக்க மாட்டாள். காதுக்குள் பேசுகிற ஆளுக்குப் 'பெரட்டுக்காரர்' என்று பெயர் வைத்திருந்தாள். காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, நீ இந்த மலைக்குப் போ, நீ அந்த மலைக்குப் போ என்று வேலை பிரிப்பதுதானே பெரட்டு. அவரும் அப்படியே அதிகாரம் பண்ணுவாராம். "மாத்திரை போட ஆரம்பிச்சதும் அவரு பென்சன் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்பாள். நான் அவரை நிஜ ஆள் என்று நம்பி, கோயில் திருவிழாவில் கிழவர்களின் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்துத் தேடியிருக்கிறேன்.

எனக்குப் பத்து வயதானபோது வந்த தை மாதம் அது. உறைபனி விழுந்து தேயிலைச் செடிகளின் நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. பீலியில் கொட்டும் தண்ணீரில் கை வைத்தால் விரல் நம்முடையதா என்று சந்தேகம் வரும். அப்பா குரங்குத் தொப்பியோடேயே சாப்பிடுவார். தொப்பியில் ரொட்டித்துண்டு ஒட்டியிருக்கும். அத்தை மட்டும் வாசற்கதவை அகலத் திறந்துபோட்டு, சுளகால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கழுத்திலிருந்து வியர்வை வழியும்.

"அக்கா, கதவச் சாத்துக்கா. நாங்க வெறச்சுச் செத்துருவோம்."

"ஒடம்புக்குள்ள யாரோ அடுப்பு பத்த வைக்கிறாங்கடா தம்பி. நான் என்ன செய்ய?"

அந்த 'யாரோ'தான் வினையாகிப் போனது. வேறொரு பெண்பிள்ளை சொல்லியிருந்தால், ஒரு பேச்சுக்குச் சொல்கிறாள் என்று விட்டிருப்பார்கள். அத்தை சொன்னதால் அது நோயாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அத்தை தன் ஊதா ஸ்வெட்டரைக் கழற்றி லயத்து நாய்க்கு மாட்டிவிட்டாள். தீபாவளிக்கு அப்பா எடுத்துக்கொடுத்த ஸ்வெட்டர். "எனக்குத்தான் சூடா இருக்கே, அதுக்குத்தானே குளிருது" என்றாள். சொன்னதில் பிழை ஏதும் இல்லை. நாய் அதைப் போட்டுக்கொண்டு நேராகக் காலைப் பெரட்டுக்குப் போய் பெண்கள் வரிசையில் நின்றது. கங்காணி பேர் எழுதப் போய்விட்டதாக லயம் முழுக்கக் கதை. அதைக் கழற்ற அப்பா இரண்டு நாள் ஓடினார். நாய் அவர் கையைக் கடித்ததுதான் மிச்சம். அந்த ஸ்வெட்டர் கடைசியில் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. பக்கத்துத் தோட்டத்தில் ஊதா நிறத்தில் ஏதோ ஓடியது என்று யாரோ சொன்னார்கள்.

மாசியில் ஒரு காலை. அத்தை பிளேன்டீ ஊதிக் குடித்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்த செய்தியைச் சொல்வது போலச் சொன்னாள்: "பெரட்டுக்காரரு திரும்ப வேலைக்கு வந்துட்டாரு."

அம்மா கையிலிருந்த அகப்பை அடுப்புக்குள் விழுந்தது.

அன்றே பெரட்டுக்காரர் அவளை வேறு மலைக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் எல்லோரும் வந்தும் அத்தை வரவில்லை. அப்பாவும் நானும் தேடிப் போனோம். கவ்வாத்து வெட்டி முடித்த மலையில், வெறும் குச்சிகளாக நின்ற செடிகளுக்கு நடுவே, காலிக் கூடையோடு மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க கொழுந்தே இல்லையேக்கா" என்றார் அப்பா.

"அதத்தான் நானும் காலையிலேருந்து அவருகிட்ட சொல்றேன். கேக்க மாட்டேங்கிறாரு. அசையக் கூடாதுங்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் மட்டும் ஓடவில்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவளால் கூடையை இறக்கக்கூட முடியவில்லை. அப்பா அவள் தலையிலிருந்த கயிற்றைக் கழற்றி, கையைப் பிடித்து ஒவ்வொரு அடியாக நடத்திக்கொண்டு வந்தார்.

மாத்திரையை அத்தை விழுங்காமல் துப்பிவிடுகிறாள் என்று அம்மா முடிவு கட்டினாள். கண்காணிக்கிற உத்தியோகம் எனக்கு. காலையும் மாலையும் அப்பாவின் டோர்ச் லைட்டோடு அத்தை முன்னால் நிற்பேன். "ஆ காட்டுங்க அத்தை. நாக்கத் தூக்குங்க. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்." அத்தை சொன்னபடியெல்லாம் காட்டுவாள். அந்த வாயின் சொத்தைப் பல் மூன்றும், வெற்றிலைக் கறையும் எனக்கு இன்றும் மனப்பாடம். மாத்திரை அங்கே இல்லை. தொண்டைக்குள் போனதை என் கண்ணால் பார்த்தேன். அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப ஏன் அந்தாளு பேசுறான்? நீ சரியாப் பாக்கல" என்று கன்னத்தில் ஒன்று விழுந்தது.

"புள்ளய ஏன் அடிக்கிற? நான் முழுங்குறேன்" என்றாள் அத்தை.

"நீங்க சும்மா இருங்க அண்ணி."

முழுங்கினவளும் உண்மை சொன்னாள், பார்த்தவளும் உண்மை சொன்னாள். ஒருத்தி நோயாளி, இன்னொருத்தி சிறுபிள்ளை. யார் நம்புவார்கள்?

அந்த மாதக் கிளினிக்குக்கு அப்பா எங்கள் இருவரையும் கூட்டிப் போனார். ஒன்றரை மணி நேரம் பஸ். வழக்கமாக அப்பாதான் உள்ளே வருவார், அரைகுறைச் சிங்களத்தில் பேசி அதே மாத்திரையை வாங்கி வருவார். அன்றைக்கு அத்தை அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "நீ வராத தம்பி. ஆம்பளப்புள்ள முன்னாடி சொல்ற விஷயமில்ல. பாப்பா வந்து சொல்லட்டும்."

சந்தியில் பேக்கரி வைத்திருந்த சிங்களக் குடும்பத்துப் பிள்ளைகளோடு விளையாடியே எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

உள்ளே புதிதாக மாற்றலாகி வந்திருந்த இளம் டொக்டர். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, ஐயாகிட்ட சொல்லு. ஏழெட்டு மாசமா எனக்கு வீட்டுக்குத் தூரமில்ல. அது நின்னதுலேருந்துதான் இந்தச் சூடு. சூடு வந்த பின்னாடிதான் அவரு வந்தாரு. மாத்திரைய நான் ஒழுங்காத்தான் போடுறேன்."

இதைவிடத் தெளிவாக எந்தப் படித்தவரும் சொல்லியிருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. எது முதலில், எது பிறகு என்று அடுக்கிச் சொல்லிவிட்டாள். மாதவிலக்கை நம் அம்மாமார் எந்தக் காலத்தில் பெயர் சொல்லிச் சொன்னார்கள்? வீட்டுக்குத் தூரம் என்பார்கள். உங்களுக்கு விளங்கியிருக்கும். வயசுக்கு வராத எனக்கு வீடு என்றால் வீடு, தூரம் என்றால் மைல்.

"தென் கெதர துர நே, டொக்டர்" என்றேன் கணீரென்று. இப்போது வீடு தூரமில்லை.

டொக்டர் முகம் மலர்ந்தது. புது வீடா என்று கேட்டார்.

"புதுசான்னு கேக்குறாரு அத்தை."

"ஆமா, புதுசுதான். இதுக்கு முன்ன இப்படி இருந்ததே இல்லன்னு சொல்லு."

சொன்னேன். அங்கே சரியான சூடு என்றும் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி, தகரக் கூரையா என்றார். எங்கள் லயம் தகரம்தானே? ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஒரு ஆள் வந்துவிட்டார் என்றேன்.

"யாரு வந்ததுன்னு கேக்குறாரு."

"முன்ன இருந்தவருதான், திரும்பி வந்துட்டாருன்னு சொல்லு."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். அடிப்பாரா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அத்தையிடம் கேட்டுச் சொன்னேன்: அடிக்க மாட்டார், திட்டுவார், நாள் முழுக்க மழையில் அசையாமல் நிற்கச் சொல்வார்.

அவர் எழுந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மதிலோரம் குரங்குத் தொப்பியோடு, கையில் நாய்க்கடிக் கட்டோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

எங்களோடேயே வெளியே வந்த டொக்டர் விரலை நீட்டி அப்பாவிடம் ஏதேதோ வேகமாகச் சொன்னார். இனி இந்த அம்மாவை மழையில் நிறுத்தினால் பொலிசுக்குச் சொல்வேன் என்பது அதன் சாரம். அப்பாவுக்கு மழை என்ற சொல் மட்டும்தான் பிடிபட்டது. "ஹொந்தாய் மஹத்தயா, ஹொந்தாய்" என்று பணிவாகத் தலையாட்டினார். சரிங்க ஐயா, சரி. வழியில், "நல்ல டொக்டரு. அக்கா நனையக் கூடாதுன்னு எவ்வளவு அக்கறை" என்று மெச்சிக்கொண்டார்.

வீடு பக்கத்தில் வந்துவிட்டதால், வாரம் ஒரு முறை வரச் சொல்லியிருந்தார் டொக்டர். வீட்டில் தொல்லை என்பதால் மாத்திரையையும் கூட்டியிருந்தார். அதனால் வாராவாரம் ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர. போகும்போதெல்லாம் அத்தை அதையே சொன்னாள், நானும் அதையே சொன்னேன். அவரும், ஆமாம் தெரியும், வீடு தூரமில்லை என்று அன்போடு தலையாட்டினார்.

கூட்டின மாத்திரையில் அத்தை தூங்கி வழிந்தாள். நிரையில் நின்றபடியே கண் மூடிவிடுவாள். கை நடுங்கி, பறித்த கொழுந்து கூடைக்கு வெளியே விழும். அவளுக்குப் பக்கத்து நிரைக்கு இப்போது எல்லோரும் போட்டி போட்டார்கள். சூடு மட்டும் குறையவில்லை. பெரட்டுக்காரரும் போகவில்லை. தூங்குகிறவளை எழுப்பி வேலை ஏவினாராம்.

"இனி நம்மால பாக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கொடுக்கச் சொல்லுவோம்" என்றாள் அம்மா. அப்பாவும் சரி என்றார். அத்தை இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்தாள். சீப்பை எடுத்துப் பார்த்தாள். அதை என்னிடம் கொடுத்து, "அங்க இது தேவப்படாது பாப்பா. மொட்டை அடிச்சுருவாங்க" என்றாள்.

அந்த வாரம் அம்மாவும் வந்தாள். வரிசையில் அத்தை, நான், அம்மா. அப்பா வழக்கம் போல வெளியே. எங்களுக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அம்மா ஒருவர், தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் அவரை ராத்தா என்று கூப்பிடுவார்கள். வரிசையை ஒழுங்குபடுத்த, அந்தக் கிளினிக்கின் நர்ஸ் வந்தார். மிஸ்ஸி என்போம். பருத்த உடம்பு, ஐம்பது வயதிருக்கும். வெளியே தூறல், குளிரில் எல்லோர் வாயிலும் மூச்சு புகைந்தது. மிஸ்ஸி மட்டும் சிவந்துபோய், நோயாளிகளின் குறிப்பு எழுதும் கொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். வியர்வையில் தொப்பி நழுவியது.

அத்தை அவரையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் சேலைத் தலைப்பால் மிஸ்ஸியின் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

அம்மா பதறிப்போய், "ஐயோ, அண்ணி!" என்று இழுத்தாள். மிஸ்ஸியும் முதலில் திடுக்கிட்டார். அத்தை தன் கழுத்தையும் தொட்டுக் காட்டி, வயிற்றிலிருந்து தலை வரைக்கும் கையால் ஒரு நெருப்பை ஏற்றிக் காட்டினாள். மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாஷையே இல்லாமல் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எப்போதிருந்து இப்படி என்று மிஸ்ஸி என்னிடம் கேட்டார். அத்தையிடம் கேட்டேன். அவள் வழக்கமான பதிலைச் சொன்னாள். நானும் வழக்கம் போல, வீடு தூரமில்லாமல் போனதிலிருந்து என்றேன். சூட்டுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மிஸ்ஸி விழித்தார்.

எங்களுக்குப் பின்னால் ராத்தா தலையில் கை வைத்துக்கொண்டு எழுந்தார். அவருக்கு இரண்டு பாஷையும் தாய்ப்பாஷை மாதிரி.

"யா அல்லாஹ்! என்னத்த புள்ள செல்லி வச்சீக்கிற?"

அவர் மிஸ்ஸியின் காதில் ஏதோ சொன்னார். மிஸ்ஸி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த கையோடு அத்தை, அம்மா, ராத்தா, நான் எல்லோரையும் வரிசைக்கு முன்னால் இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனார்.

டொக்டர் முன்னால் பாதி எழுதிய கடிதம் இருந்தது. மிஸ்ஸி சொல்லச் சொல்ல அவர் காது சிவந்தது. முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அத்தையின் கொப்பியில் தான் எழுதி வைத்திருந்த பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது வீடு, தகரக் கூரை, திரும்பி வந்த புருஷன்! எல்லாவற்றையும் முதலிலிருந்து, ராத்தா மூலமாக அத்தையிடம் கேட்டார். அந்தத் தடவை வெளியே காத்திருந்த நூறு பேரும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிறகு அம்மாவைப் பார்த்துப் பேசினார். ராத்தா சொன்னார்: "இந்த வயசில ஒடம்புல ஒன்னு கொறையுதாம். அது கொறையக்குள்ள இந்த வருத்தம் இருக்கிற பொம்பளைகளுக்குக் கொரல் திரும்பி வரலாமாம். மருந்து ஒழுங்கா எடுத்தாலும் வருமாம். இவங்க துப்பல்லயாம்."

அம்மா தரையைப் பார்த்தாள். கடிதம் மேசை லாச்சிக்குள் போனது. தூக்கம் வர வைக்கிற மாத்திரையைக் குறைத்து, மற்றதை மாற்றி எழுதினார் டொக்டர். மாதம் ஒரு தடவை வந்தால் போதும் என்றார். பருத்தி ரவிக்கை போடட்டும், கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி வேண்டாம் என்று தன் பங்குக்கு மிஸ்ஸி சொன்னார். கடைசியில் டொக்டர் வெளியே போய், அப்பாவின் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று தெரியாமலே அப்பா "ஹொந்தாய் மஹத்தயா" என்றார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சூடு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அம்மா மன்னிப்பு என்று வாயால் கேட்டவளில்லை. ஆனால் அத்தை வியர்க்க ஆரம்பித்தால் தானே போய்க் கதவைத் திறந்துவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு பல் கிட்டித்தபடி சமைப்பாள். பெரட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கினார். "இப்பல்லாம் கிட்ட வர்றதில்ல. எட்ட நின்னு விசில் ஊதிட்டுப் போறாரு. ஊதிட்டுப் போகட்டும்" என்பாள் அத்தை.

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஏங்கி ஏங்கி அழுதேன். என் வாயால்தானே அத்தனை வாரமும் அவள் மாத்திரையில் மயங்கிக் கிடந்தாள்? அடுத்த மாதத்திலிருந்து ராத்தாவே பேசட்டும், நான் வரவில்லை என்றேன்.

"நீதான் வரணும்" என்றாள் அத்தை. "ராத்தாவுக்கு அவங்க தம்பியோட நாள் வேற. உங்க அம்மா வந்தா அவ நெனைக்கிறதச் சொல்லுவா. உங்க அப்பன் வந்தா பழைய மாத்திரையே போதும்பான். நீ தப்பாச் சொன்னாலும் நான் சொன்னதச் சொன்ன பாப்பா."

மிஸ்ஸி எனக்குச் சரியான சிங்களச் சொல்லைக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார். அடுத்த மாதம் கிளினிக் போனபோது, அது மறந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், பஸ் ஏறியதிலிருந்தே பாடம் ஒப்பிப்பது போல் சொல்லிக்கொண்டு வந்தேன். "மாஸ் சுத்திய நதர வெலா. மாஸ் சுத்திய நதர வெலா." மாதவிலக்கு நின்றுவிட்டது. முன் சீட்டுச் சிங்களப் பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் கிழிக்காமலே பின்னால் போய்விட்டார். அத்தைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எல்லோரும் பார்ப்பது மட்டும் தெரிந்தது. பெருமையோடு என் முதுகைத் தட்டினாள்.

"இன்னும் சத்தமாச் சொல்லு பாப்பா. அப்பதான் மறக்காது."

சொன்னேன்.